1966 மஸ்டாங் கூப்பே: எதை மாற்றலாம், எதை வெட்டக் கூடாது

1966 மாடல் ஃபோர்டு மஸ்டாங் கூப்பே (இரண்டு கதவு, நிலையான கூரை) ஒன்றை வாங்கி, அதன் உருவத்தைக் கெடுக்காமல் இன்றைய சாலைக்குத் தகுந்த வண்டியாக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் எல்லோரும் எஞ்சினில்தான் தொடங்குகிறார்கள். வண்டியோடு வந்த பழைய 289ஐயே (289 கன அங்குல வி8, அதாவது எட்டு சிலிண்டர் எஞ்சின்) பிரித்துச் சரிசெய்வதா, பின்னாளில் வந்த 5.0 லிட்டர் வி8ஐப் போடுவதா, ஃபோர்டின் புதிய தலைமுறை கொயோட்டி எஞ்சினா, மின்சார மோட்டாரா என்று மாதக்கணக்கில் பேச்சு ஓடுகிறது. நான் வேறோர் இடத்தில் தொடங்கச் சொல்வேன். செய்த பிறகு பழையபடி திருப்பக்கூடிய வேலை எது, ஒருமுறை செய்தால் திருப்பவே முடியாத வேலை எது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். அப்படிப் பிரித்ததுமே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முடிவையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடல் நன்றாக இருக்கும் ஒரு சாதாரண வி8 கூப்பேக்கு, அதே எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்த 5.0, டி-5 என்ற ஐந்து கியர் பெட்டி, முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் ஆகிய மூன்றும் போதும். கொயோட்டி அருமையான எஞ்சின், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது இந்த வண்டியிடம் கேட்கும் விலை பணத்தோடு நிற்பதில்லை.

எந்த வண்டியில் கை வைக்கிறோம்?

மஸ்டாங் 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகமானது. அடித்தளத்தில் பெரும்பகுதி ஃபால்கன் என்ற சிக்கனமான குடும்பக் காரிலிருந்து வந்தது. நீண்ட பானெட், குட்டையான பின்பகுதி, கைக்கு எட்டும் விலை. அமெரிக்கா அள்ளிக்கொண்டு போனது. 1966 மாடலில் மட்டும் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் தயாராயின. அவற்றில் ஏறத்தாழ ஐந்து லட்சம், ஃபோர்டு ஹார்ட்டாப் என்று அழைத்த இந்தக் கூப்பேதான். சரிந்த கூரை கொண்ட ஃபாஸ்ட்பேக்கும் திறந்த கூரை வண்டியும் எண்ணிக்கையில் மிகக் குறைவு. அதனால்தான் இன்றும் அவற்றின் விலை ஒரு படி மேலே நிற்கிறது.

கூப்பேயை மாற்றியமைப்பதில் எனக்கு மனச்சங்கடம் இல்லாததற்குக் காரணம் இந்த எண்ணிக்கைதான். ஐந்து லட்சத்தில் ஒன்றை ஒருவர் தன் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்வதால் வரலாற்றுக்கு நஷ்டம் இல்லை. இதில் ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அதை வாங்கும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

ஓட்டுநர் பக்கக் கதவின் ஓரத்தில் ஒரு சிறிய உலோகத் தகடு இருக்கும். அதில் உள்ள வண்டி எண்ணைப் படியுங்கள். முதல் இலக்கம் 6 என்றால் 1966 மாடல். அடுத்த எழுத்து தொழிற்சாலை: எஃப் என்றால் டியர்பார்ன், ஆர் என்றால் சான் ஹோசே, டி என்றால் மெட்டச்சன். அடுத்த 07, ஹார்ட்டாப்பைக் குறிக்கும். ஐந்தாவதாக வரும் எழுத்துதான் நமக்கு முக்கியம். அது டி என்றால் 200 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின், 120 குதிரைத்திறன். சி என்றால் இரட்டைத் தொண்டைக் கார்புரேட்டர் கொண்ட 289 வி8, 200 குதிரைத்திறன். ஏ என்றால் நான்கு தொண்டைக் கார்புரேட்டர், 225. கே என்று இருந்தால் கையை எடுத்துவிடுங்கள். அது 271 குதிரைத்திறன் கொண்ட உயர்திறன் 289, அபூர்வமானது. அந்த வண்டியை அப்படியே பாதுகாக்க வேண்டும். மாற்றியமைக்கத்தான் வேண்டும் என்றால் அதை உரியவரிடம் விற்றுவிட்டு, சி வண்டி ஒன்றை வாங்கிக்கொள்ளலாம்.

விற்பவர்கள் “எண் பொருந்தும் எஞ்சின்”, அதாவது வண்டியோடு தொழிற்சாலையிலிருந்து வந்த அதே எஞ்சின், என்று சொல்லி விலையை ஏற்றுவது உண்டு. 1966இல் கே எஞ்சினைத் தவிர மற்ற மஸ்டாங் எஞ்சின்களில் வண்டி எண்ணைப் பொறிக்கும் வழக்கம் ஃபோர்டிடம் இல்லை. பொதுவாகப் பொறிக்கத் தொடங்கியது 1968 மாடலில்தான். எனவே ஒரு சி வண்டியில், பிளாக்கின் வார்ப்புத் தேதி வண்டி தயாரான தேதிக்கு முன்னால் பொருத்தமாக இருக்கிறதா என்று பார்க்கலாம், அவ்வளவுதான். நிரூபிக்கவே முடியாத ஒன்றுக்குக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை.

எஞ்சினுக்கு முன்னால் தகரம்

இந்த மஸ்டாங்குக்குத் தனிச் சட்டம் (சேஸிஸ்) கிடையாது. தரைத்தகடு, பக்கக் கட்டைகள், முன்பக்க ரெயில்கள், எஞ்சினுக்கும் இருக்கைப் பகுதிக்கும் நடுவே நிற்கும் தகரச் சுவரான ஃபயர்வால் எல்லாம் ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்டு உடலே சட்டமாக நிற்கிறது. ஆகவே தகரத்தில் துரு என்றால் அது அழகுக் குறையோடு முடிவதில்லை.

துரு தொடங்கும் இடம் பெரும்பாலும் கண்ணில் படாது. முன்கண்ணாடிக்குக் கீழே வரிவரியாகத் திறப்புகள் உள்ள ஒரு பகுதி இருக்கிறது. அந்தத் திறப்புகள் வழியாக இறங்கும் மழைநீர், உள்ளே இருக்கும் ஒரு பெட்டிக்குள் ஓடி இரு ஓரங்களிலும் வடிய வேண்டும். காற்று உள்ளே வருவதற்காக அந்தப் பெட்டியில் இரண்டு தகரக் கழுத்துகள் எழும்பி நிற்கும். இலைதழை சேர்ந்து ஈரம் தங்கி, அந்தக் கழுத்துகளின் அடிவிளிம்பு அரித்துப்போயிருக்கும். வாங்கும் முன் ஒரு குவளைத் தண்ணீரை அந்தத் திறப்புகளில் மெதுவாக ஊற்றுங்கள். ஒருவர் உள்ளே குனிந்து, டாஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்க்கட்டும். பளபளவென்று பெயிண்ட் அடித்து, புதுக் கம்பளம் விரித்து வைத்திருந்த ஒரு வண்டியில் இப்படி ஊற்றியபோது, கிளட்ச் பெடலுக்கு மேலிருந்து தண்ணீர் நூல் பிடித்ததுபோல இறங்கியதைப் பார்த்திருக்கிறேன். கம்பளத்தைத் தூக்கினால் அடியில் தரைத்தகடு மாவாக உதிர்ந்தது. அந்தப் பெட்டியைச் சரிசெய்ய வேண்டுமென்றால் முன் ஃபெண்டர்களைக் கழற்றி, நூற்றுக்கு மேற்பட்ட ஸ்பாட் வெல்டுகளைத் துளையிட்டு எடுத்து, மேல்தகட்டைப் பிரிக்க வேண்டும். எந்த எஞ்சின் என்ற விவாதத்தை விட இந்தக் குவளைத் தண்ணீர் அதிகப் பணத்தை மிச்சப்படுத்தும்.

பானெட்டைத் திறந்தால் எஞ்சினின் இருபுறமும் கோபுரம்போல் எழும்பி நிற்பவைதான் ஷாக் டவர்கள். பின்னால் வரும் பேச்சு முழுவதும் இவற்றைச் சுற்றித்தான். இந்த வண்டியில் முன் சுருள் ஸ்பிரிங், சக்கரத்தை உடலோடு இணைக்கும் மேல் கையின்மீது உட்கார்ந்து டவரின் உச்சியைத் தாங்குகிறது. சாலைப் பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும் அடியெல்லாம் டவர் வழியாகத்தான் உடலுக்குப் போகிறது. மேல் கை பூட்டப்பட்டிருக்கும் இடத்தைச் சுற்றி மயிரிழை வெடிப்பு இருக்கிறதா, யாராவது பற்றவைத்து ஒட்டுப்போட்டிருக்கிறார்களா என்று கிரீஸைத் துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

அசலாகவே விடுவது

289 ஒரு நல்ல எஞ்சின். சிறியது, இரும்பு வார்ப்பாக இருந்தும் எடை குறைவானது, சத்தம் இனிமையானது. வாரக் கடைசியில் ஊர்ச் சாலையில் ஓட்டி, காபி குடித்துவிட்டுத் திரும்புவதுதான் பயன் என்றால் அதைப் பிரித்து, சிலிண்டர் தலைகளில் கடினமான வால்வு இருக்கைகளைப் பொருத்தி, மின்னணு இக்னிஷன் போட்டுவிட்டால் போதும். வால்வு இருக்கையைச் சொல்வதற்குக் காரணம் உண்டு: இந்த எஞ்சின் ஈயம் கலந்த பெட்ரோலுக்காக வடிவமைக்கப்பட்டது. அமெரிக்கச் சாலை வண்டிகளுக்கு அந்தப் பெட்ரோல் 1996 முதல் முற்றிலும் தடை. இன்றைய பெட்ரோலில் எத்தனாலும் கலந்திருக்கிறது, அதனால் பழைய ரப்பர்க் குழாய்களையெல்லாம் எத்தனால் தாங்கும் குழாய்களாக மாற்றியாக வேண்டும்.

இந்த வழியின் குறை நெடுஞ்சாலையில்தான் தெரியும். மூன்று கியர் ஆட்டோமேட்டிக்கோ நான்கு கியர் பெட்டியோ, மேல்கியர் என்பது ஒன்றுக்கு ஒன்றுதான். 3.00 விகித ஆக்சிலோடு (சக்கரம் ஒருமுறை சுற்ற, கியர் பெட்டியிலிருந்து வரும் தண்டு மூன்று முறை சுற்றும்) மணிக்கு 70 மைல் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,800 சுற்றில் ஓடுகிறது. ஏற்றத்துக்கு இதமாக இருக்கட்டுமென்று 3.55 ஆக்சில் போட்டவர்களுக்கு 3,300ஐத் தாண்டும். ஒரு மணி நேரம் அப்படி ஓட்டினால் காது இரைச்சலில் நிறைந்துவிடும். வண்டியில் கூட வருகிறவர் அடுத்த முறை வரமாட்டார்.

அதே குடும்பத்தில் பிள்ளை

289இன் சிலிண்டர் விட்டம் 4.00 அங்குலம், பிஸ்டனின் வீச்சு 2.87. வீச்சை 3.00 ஆக்கியதும் அது 302 ஆனது. 5.0 என்ற பெயரில் 1980களிலும் 90களிலும் மஸ்டாங்கில் வந்ததும் அதே 302தான். எக்ஸ்ப்ளோரர் எஸ்யூவியில் 1996 முதல் 2001 வரை வந்ததும் அதுவே. வெளி அளவு ஏறக்குறைய ஒன்று, தாங்கிகள் பூட்டும் இடமும் ஒன்று. 1966 கூப்பேயின் ஷாக் டவர்களுக்கு நடுவே ஒரு வெட்டும் இல்லாமல் இறங்கி உட்காரும். பழைய 289ஐ மூடிப் பட்டறையின் மூலையில் வைத்துக்கொள்ளலாம். பிற்காலத்தில் யாராவது வண்டியை அசலாக்க விரும்பினால் ஒரு வாரக் கடைசியில் மாற்றிவிடலாம்.

1985இல் இருந்து மஸ்டாங் 5.0இல் ரோலர் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) வந்தது. பழைய எஞ்சினில் கேமின் முட்டைவடிவப் பல்மீது ஒரு தட்டை உலோகம் உரசிக்கொண்டே போகும். இன்றைய எண்ணெயில் அந்த உரசலைத் தாங்கும் துத்தநாகச் சேர்மானம் முன்பைவிடக் குறைவு, எனவே தட்டை வகைக் கேம்கள் சீக்கிரம் தேய்கின்றன. ரோலரில் சக்கரம் உருளுவதால் அந்தக் கவலை இல்லை. 289ஐத் திரும்பக் கட்டச் செலவிடும் பணத்தில் பெரும்பகுதியை ஒரு நல்ல ரோலர் 5.0இல் போடுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவே முதல் காரணம்.

குதிரைத்திறன் கணக்கிலும் கவனம் வேண்டும். 1966 ஏ எஞ்சினுக்கு 225, 1987 முதல் 1992 வரையிலான 5.0க்கும் 225 என்று பார்த்துவிட்டு இரண்டும் சமம் என்று நினைத்துவிடக் கூடாது. 1966இல் ஆல்டர்னேட்டர், காற்று வடிகட்டி, சைலன்சர் எதுவும் சுமையேற்றாமல் சோதனை மேடையில் அளந்தார்கள். 1970களின் தொடக்கத்தில் அந்த முறை மாறியது. வண்டியில் இருக்கும் நிலையிலேயே அளக்கத் தொடங்கினார்கள். எனவே பிந்தைய 225, முந்தைய 225ஐவிட உண்மையில் வெகுவாக அதிகம். சுமார் 1,270 கிலோ எடையுள்ள ஒரு சிறிய காருக்கு இது தாராளம்.

“அப்படியே இறங்கிவிடும்” என்று விற்பவர் சொல்லும்போது நான்கு இடங்களைக் கவனியுங்கள். இவற்றில்தான் வேலை தடம் புரளும்.

முதலாவது சமநிலை எடை. 289இலும் ஆரம்பகால 302இலும் ஃபிளைவீலிலும் (எஞ்சினின் பின்முனையில் சுழலும் கனமான சக்கரம்) முன்புற டேம்பரிலும் 28 அவுன்ஸ் சமநிலை எடை. 1980களின் 5.0இலிருந்து அது 50 அவுன்ஸ். பழைய ஃபிளைவீல் நன்றாகத்தானே இருக்கிறது என்று புதிய எஞ்சினில் பூட்டினால், போல்ட்டுகள் பொருந்தும், எஞ்சின் ஓடும், ஆனால் நடுங்கும். நாளடைவில் பேரிங்குகள் போய்விடும். பழைய பாகம் பொருந்திவிடுவதே இங்கு பொறி.

இரண்டாவது ஆயில் பேன். பிந்தைய மஸ்டாங்கின் பேன் வடிவம் 1966இன் குறுக்குச் சட்டத்துக்கும் ஸ்டீயரிங் தண்டுக்கும் ஒத்துவராது. முன்பக்கம் குழிவுள்ள பழைய வகைப் பேனும் அதற்குரிய உறிஞ்சுகுழாயும் வாங்க வேண்டும். அதோடு எண்ணெய் அளவுகோல் நுழையும் இடமும் மாறுவதால் எஞ்சினின் முன்மூடியான டைமிங் கவரையும் பார்த்தே எடுக்க வேண்டும்.

மூன்றாவது தண்ணீர் பம்ப். பழைய வி-பெல்ட் எஞ்சின்களில் பம்ப் ஒரு திசையில் சுழலும். பிந்தைய அகலமான ஒற்றைப் பெல்ட் ஏற்பாட்டில் எதிர்த்திசையில் சுழலும். பெல்ட் ஒரு வகை, பம்ப் மற்றொரு வகை என்று கலந்துவிட்டால் தண்ணீர் சரியாக ஓடாமல் எஞ்சின் கொதித்துக்கொண்டே இருக்கும். ரேடியேட்டரை மாற்றி, தெர்மோஸ்டாட்டை மாற்றி, கடைசியில்தான் பம்பைச் சந்தேகிப்பார்கள்.

நான்காவது, 1997க்குப் பிந்தைய எக்ஸ்ப்ளோரர் எஞ்சின் எடுத்தால் அதன் சிலிண்டர் தலை. காற்றோட்டத்தில் அவை சிறந்தவை. ஆனால் ஸ்பார்க் பிளக்குகள் வேறு கோணத்தில் நிற்பதால் பல சாதாரண ஹெடர் (எக்ஸாஸ்ட்) குழாய்கள் பிளக் வயரில் இடிக்கும். அந்தத் தலைக்கென்றே வளைத்த ஹெடரைத்தான் வாங்க வேண்டும்.

இந்த நான்கையும் எழுதி எஞ்சின் விற்பவரிடமும் மெக்கானிக்கிடமும் காட்டுங்கள். தயங்காமல் பதில் சொல்பவர் இந்த வேலையைச் செய்திருக்கிறார் என்று பொருள்.

கியர் பெட்டிக்கு டி-5 தான் என் தேர்வு. ஐந்தாவது கியர் விகிதம் 0.68. மேலே சொன்ன 3.00 ஆக்சிலோடு 70 மைல் வேகத்தில் எஞ்சின் 1,900 சுற்றுக்கு இறங்கிவிடும், 3.55 போட்டாலும் 2,300க்குள்தான். வண்டியின் குணமே மாறிவிடுகிறது. பக்கத்து ஊருக்குப் போகிற வண்டி மாநிலம் தாண்டிப் போகிற வண்டியாகிறது. குறுக்குத் தாங்கியைப் போல்ட் போட்டே மாட்டலாம், பழைய ஸ்பீடோமீட்டர்க் கேபிளையும் இதில் பூட்டலாம், பல்சக்கரத்தை மட்டும் ஆக்சிலுக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். மஸ்டாங்குக்கு வந்த டி-5களில் 1990க்குப் பிந்தையவை 300 அடி-பவுண்டு முறுக்குவிசைக்கு மதிப்பிடப்பட்டவை. சாதாரண 5.0க்கு அது போதும். அதற்கு மேல் எஞ்சினை முறுக்கேற்ற நினைப்பவருக்கு டி-5 தாங்காது. கிளட்ச் மிதிக்க விருப்பமில்லாதவர்களுக்கு ஃபோர்டின் நான்கு கியர் ஆட்டோமேட்டிக்குகள் இருக்கின்றன. அவற்றுக்கு, கியர் பெட்டி உட்காரும் தரையின் நடு மேட்டுக்குள் கொஞ்சம் இடநெருக்கடி உண்டு.

எரிபொருளுக்குக் கார்புரேட்டரின் இடத்திலேயே உட்காரும் எலக்ட்ரானிக் இன்ஜெக்ஷன் இப்போது பல நிறுவனங்களிடம் கிடைக்கிறது. ஏர் கிளீனரை மூடிவிட்டால் வெளியே தெரியாது. குளிர்காலக் காலையில் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடிக்கும், மலையேறினாலும் கலவை தானே திருந்திக்கொள்ளும். ஆனால் இதற்கு ஏறத்தாழ 58 பிஎஸ்ஐ அழுத்தம் வேண்டும். பழைய இயந்திர பம்ப் அதற்கு ஆகாது. தொட்டிக்குள்ளேயே பம்ப் இருக்கும் புதிய பெட்ரோல் தொட்டியையும் திரும்பும் குழாயையும் சேர்த்தே வாங்குங்கள். வெளியே தொங்கும் பம்ப் மலிவு, ஆனால் இரையும், வெயிலில் திணறும்.

கொயோட்டி

2011 மாடல் மஸ்டாங் ஜிடியில் 412 குதிரைத்திறனோடு வந்த இந்த 5.0, பெயரில் மட்டும்தான் பழைய 5.0. அலுமினிய பிளாக், நான்கு கேம்ஷாஃப்ட், 32 வால்வு. 2018 மாடலில் 460. அமைதியாக ஓடும், 7,000 சுற்றுக்குக் கூசாமல் ஏறும், ஐந்து வருடம் பானெட்டைத் திறக்காமல் இருந்தாலும் மறுபடி ஓடும். ஓட்டிப் பார்த்தவர்கள் அதன்மேல் காதல் கொள்வதில் வியப்பில்லை.

சிக்கல் அகலம். மேலே இரண்டிரண்டு கேம்ஷாஃப்ட்டுகளைச் சுமக்கும் சிலிண்டர் தலைகள் இருபுறமும் விரிந்து நிற்கின்றன. 1966 கூப்பேயின் ஷாக் டவர்களுக்கு நடுவே அது இறங்காது. டவர்களை வெட்டி எடுக்க வேண்டும். வெட்டியதும் ஸ்பிரிங்குக்கு மேலே தாங்க இடமில்லை. அதனால் 1974–78 மஸ்டாங் II வகையைத் தழுவிய முன் சஸ்பென்ஷனை, புதிய குறுக்குச் சட்டத்தோடு, முன் ரெயில்களில் பற்றவைக்கிறார்கள். இதுவரை டவர் வழியாக மேலே ஏறி ஃபயர்வாலுக்குப் போன சுமை, இனிமேல் அந்த மெல்லிய ரெயில்களின் வழியாகப் போகும். ரெயில்களை உள்ளிருந்து வலுப்படுத்தி, ஃபயர்வால் வரை தாங்குகம்பி கொடுத்து, அளவுமேடையில் வைத்து, பற்றவைப்பில் தேர்ந்த கை செய்தால் அது முதல்தரமான வேலை. வீட்டு ஷெட்டில், நான்கு ஸ்டாண்டுகளின்மேல் வண்டியை நிறுத்திக்கொண்டு செய்கிற வேலை இதுவல்ல. ஒரு பக்கம் கால் அங்குலம் விலகினால் வண்டி ஆயுள் முழுக்க ஒரு பக்கம் இழுக்கும்.

அதன்பின் சங்கிலிபோல மற்றவை வரும். விரிந்த சிலிண்டர் தலை பிரேக் பூஸ்டரின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் பிரேக் ஏற்பாடு மாறும். ஸ்டீயரிங் மாறும். எக்ஸாஸ்ட் தனியாக வளைக்க வேண்டும். மின்னணு ஆக்சிலரேட்டர் பெடல், கணினி, வயரிங், உயர் அழுத்த எரிபொருள், பெரிய ரேடியேட்டர். பின் ஆக்சில் 8 அங்குல வகையாக இருந்தால் அந்த விசையை நம்பி ஒப்படைக்க முடியாது. 9 அங்குல ஆக்சிலுக்கோ, எக்ஸ்ப்ளோரரின் 8.8 ஆக்சிலைக் குறுக்கியோ போக வேண்டும். புதிய எஞ்சினே பத்தாயிரம் டாலர் வாக்கில் ஆகும் என்றால், எஞ்சின் விலை மொத்தச் செலவில் ஒரு பங்குதான். இடையில் பணம் தீர்ந்து, டவர் வெட்டிய நிலையில் பாதியில் நிற்கும் கூப்பேக்களை விற்பனைக்குப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவற்றை அசலாக்கவும் முடியாது, ஓட்டவும் முடியாது.

இருந்தும் கொயோட்டிதான் சரி என்று நான் சொல்லும் வண்டிகள் இருக்கின்றன. டவர் வெடித்து, முன் ரெயில் துருப்பிடித்து, எப்படியும் முன்பக்கத்தைப் புதிதாகக் கட்டத்தான் வேண்டும் என்ற நிலையில் உள்ள வண்டி. அல்லது முந்தைய உரிமையாளர் ஏற்கெனவே வெட்டிவிட்ட வண்டி. அங்கே இழப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. புதிய எஞ்சினின் முழுச் சுகத்தையும் அனுபவிக்கலாம். மொத்தப் பணமும் கையில் இருந்து, வேலையை முடித்துக் காட்டிய பட்டறையும் கிடைத்தால் தயங்க வேண்டாம்.

ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் எஞ்சினைப் போடச் சொல்பவர்களும் உண்டு. புஷ்ராட் வகை (கேம்ஷாஃப்ட் சிலிண்டர் தலையில் இல்லாமல் பிளாக்குக்குள் இருக்கும்) என்பதால் கொயோட்டியைவிட ஒடுக்கம், மலிவு, பாகங்கள் எங்கும் கிடைக்கும். பொறியியலாகக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் ஃபோர்டின் சொந்த 5.0 வெட்டாமல் இறங்கும்போது எனக்கு அதற்கான காரணம் தெரியவில்லை. விற்கும்போதும் மஸ்டாங் பிரியர்கள் முகம் சுளிப்பார்கள்.

மின்சாரம் பற்றி: மின்சாரக் காரான மஸ்டாங் மாக்-ஈயில் வரும் மோட்டாரை ஃபோர்டே 2021இல் தனியாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. 281 குதிரைத்திறன், 93 கிலோ எடை, அப்போதைய விலை 3,900 டாலர். விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். அது மோட்டார் மட்டும்தான். பேட்டரி, இன்வெர்ட்டர், சார்ஜர், குளிரூட்டும் அமைப்பு எல்லாம் தனி. பேட்டரியை வைக்க இந்தச் சிறிய உடலில் பானெட்டும் டிக்கியும்தான் இடம், இரண்டுமே எடையை வண்டியின் முனைகளை நோக்கித் தள்ளுகின்றன. ஊருக்குள் அமைதியாக ஓட்ட விரும்புகிறவருக்கு அது நியாயமான ஆசை. எனக்கு இந்த வண்டியில் வி8இன் சத்தம் வேண்டும்.

எந்த வழியானாலும் செய்ய வேண்டியவை

1966 மஸ்டாங்கின் பிரேக் மாஸ்டர் சிலிண்டரில் ஒரே அறைதான். எங்காவது ஒரு குழாய் விட்டால் நான்கு சக்கரங்களிலும் பிரேக் போய்விடும். 1967இல்தான் முன்பின் தனித்தனியாக இரண்டு அறைகள் வந்தன. ஆகவே அசலாகவே வைத்துக்கொள்பவரும் இதை மட்டும் கட்டாயம் மாற்ற வேண்டும். இரட்டை மாஸ்டர் சிலிண்டர், முன்சக்கரங்களுக்கு டிஸ்க், பின்சக்கரங்களுக்கு அழுத்தத்தைச் சரிப்படுத்தும் வால்வு. மாட்டும் டிஸ்க் 14 அங்குலச் சக்கரத்துக்குள் அடங்குமா என்று வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள், பலவற்றுக்கு 15 வேண்டும்.

ஸ்டீயரிங் தண்டு இன்னொன்று. இந்த ஆண்டு வண்டிகளில் ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து ஸ்டீயரிங் சக்கரம் வரை ஒரே நீளத் தண்டு. மோதலில் மடங்காது, ஓட்டுநரின் மார்பை நோக்கி வரும். இணைப்புத் தண்டோடு வரும் புதிய பவர் ஸ்டீயரிங் பெட்டியை மாட்டும்போது அந்த நீளத் தண்டும் போய்விடும். சுலபமாகத் திருப்புவதற்காக அதை வாங்குகிறார்கள். நான் இந்தக் காரணத்துக்காக வாங்கச் சொல்வேன்.

பின் இருக்கையின் முதுகைக் கழற்றிப் பாருங்கள். அதற்கும் டிக்கிக்கும் நடுவே ஓர் அட்டைதான் இருக்கும். டிக்கியின் தரையாகத் தெரிவது பெட்ரோல் தொட்டியின் மேற்பகுதியே. பின்னாலிருந்து யாராவது மோதினால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இருக்கைக்குப் பின்னால் பூட்டும் எஃகுத் தடுப்புத் தகடுகள் கிடைக்கின்றன. விலை குறைவு, மாட்டுவது எளிது. பிள்ளைகளைப் பின்னால் உட்காரவைப்பவர் முதலில் வாங்க வேண்டிய பாகம் அதுதான்.

சஸ்பென்ஷனில் முன்னால் உள்ள மேல் கையை ஓர் அங்குலம் கீழே இறக்கினால் வளைவில் சக்கரம் நிமிர்ந்து நிற்கும். ஃபோர்டின் பொறியாளர் கிளாஸ் ஆர்னிங் கண்ட வழி இது. மஸ்டாங்கின் உயர்திறன் வடிவமான ஷெல்பி ஜிடி350 அதைப் பயன்படுத்தியது. டவரில் பக்கத்துக்கு இரண்டு துளைகள், பழைய துளைகள் அப்படியே இருக்கும். அதோடு ஃபயர்வாலையும் இரு டவர்களையும் ஒரே துண்டாகப் பிடிக்கும் எக்ஸ்போர்ட் பிரேஸ். நல்ல ஷாக் அப்சார்பர். இந்த மூன்றும் தரும் வித்தியாசத்துக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். முன்சஸ்பென்ஷனை முழுதாக மாற்ற நினைப்பவர் முதலில் இதைச் செய்து ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும்.

கலிபோர்னியாவில் இருப்பவர்களுக்கு ஒரு நிம்மதி: 1975 மற்றும் அதற்கு முந்தைய பெட்ரோல் வண்டிகளுக்கு அங்கே புகைச் சோதனை இல்லை. எஞ்சின் தேர்வில் அந்தத் தடை குறுக்கே வராது.

விலை குறைவென்று ஆறு சிலிண்டர் டி வண்டியை வாங்கி வி8 போடத் திட்டமிடுகிறவர்களுக்கும் ஒரு கணக்கு சொல்ல வேண்டும். அந்த வண்டியில் சக்கரத்துக்கு நான்கு போல்ட், வி8இல் ஐந்து. பின் ஆக்சில் சிறியது, டிரம் 9 அங்குலம்; வி8இல் 10. முன் ஸ்பிண்டில், ஸ்டீயரிங் இணைப்புகள், ஸ்பிரிங், ரேடியேட்டர், எஞ்சின் தாங்கிகள் எல்லாமே வேறு. ஒவ்வொன்றாக வாங்கி முடிக்கும்போது மிச்சம்பிடித்த பணமும் போய், மேலும் செலவாகியிருக்கும். தகரம் நன்றாக இருக்கும் சி வண்டி ஒன்று கண்ணில் பட்டால், சில ஆயிரம் டாலர் கூடுதலானாலும், அதையே வாங்குங்கள்.